வீட்டுப்பாடம்

டெக்ஸாஸில் ஒரு சின்ன ஊர். அங்கே போலீஸ் வேலை பார்க்கும் துணை ஷெரீஃப் டெல்பர்ட்டுக்குச் சனிக்கிழமைகளில் இன்னொரு வேலையும் உண்டு. மூன்றடி தூரத்தில் கத்தியோடு நிற்கிறவனிடமிருந்து கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு உயிர் தப்புவது எப்படி என்று பொதுமக்களுக்கு வகுப்பு எடுப்பார்.

தூரத்துக் காகிதத்தைச் சுட்டுப் பதக்கம் வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"திருடன் என்ன, அளந்து போட்ட கோட்டுல வந்து நிப்பானா? குண்டையெல்லாம் வேற ரூம்ல வெச்சுட்டு, காலித் துப்பாக்கியோட வீட்டுலயே பழகுங்க. சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து பழகுங்க. வாயையும் சேர்த்துப் பழகுங்க! முழுக் குரல்ல கத்தணும். முனகிப் பழகினா, ஆபத்து வர்ற அன்னிக்கும் முனகல்தான் வரும்!"

எல்லோரும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் டிவி பார்ப்பார்கள். வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்த ஒரே மாணவன் வெர்னன்.

அந்த வெர்னன்தான் இப்போது தன் வீட்டு வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். உள்ளே சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில், அவனுடைய மாட்டுத் தீவனக் கடைக் கூட்டாளி ராய்ஸ் செத்துக் கிடந்தான். கையருகே இறைச்சி வெட்டும் கத்தி.

டெல்பர்ட் நிதானமாகப் பார்த்தார். இரண்டே குண்டு, இரண்டும் நெஞ்சில். கையை நீட்டாமல், துப்பாக்கியை விலாவோடு ஒட்டி வைத்துச் சுட்டிருக்கிறான். பாடத்தில் எதுவும் பிசகவில்லை. பிணத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பெருமைப்படக் கூடாதுதான். ஆனாலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"கடையைப் பிரிக்கிறதைப் பத்திப் பேசிட்டிருந்தோம், டெல்பர்ட் சார். திடீர்னு கத்தியை எடுத்துட்டான்," வெர்னனின் குரல் உடைந்தது. "எவனாவது திருடன் வந்துடுவானோங்கிற பயத்துலதான் உங்ககிட்ட வந்து கத்துக்கிட்டேன். ராய்ஸைச் சுடுவேன்னு கனவுலகூட நினைக்கலியே! பதினஞ்சு வருஷப் பழக்கம் சார்!"

"சுடறதுக்கு முன்னாடி எச்சரிச்சியா?"

"தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டு மிஸ் ஓபலைக் கேளுங்க. தினமும் மதியத்துல வண்டியை எடுத்துட்டு சர்ச்சுக்குப் போயிடுவாங்க. சாயங்காலம் வாசல்லதான் இருப்பாங்க."

அந்த ஒரு சாட்சி போதும். ஓபல் கேட்டிருந்தால் வெர்னன் தன் கட்டிலில் தூங்கலாம். கேட்கவில்லை என்றால் லாக்கப்தான். டெல்பர்ட் வேலியைத் தாண்டிப் போனார்.

மிஸ் ஓபல் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த பீக்கன் கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தார்.

"வெர்னன் ஏதாவது கத்தினது உங்க காதுல விழுந்துதா?"

"விழாம? 'ராய்ஸ், கத்தியைக் கீழே போடு! உன்னைச் சுட வெச்சுடாதே!'ன்னு ரெண்டு தடவை கத்தினான். எனக்குப் போனது முழங்கால்தான் டெல்பர்ட், காது இல்ல."

டெல்பர்ட்டுக்கு அப்பாடா என்றிருந்தது. அதை அப்படியே எழுதிக்கொண்டு நோட்டை மூடினார்.

"ரொம்ப நன்றிங்க. நல்லவேளை, நீங்க சர்ச்சுக்குப் போற நேரமா இல்லாம போச்சு. இல்லேன்னா பாவம், அவன் கதை கந்தல்தான்."

"சர்ச்சா? முழங்கால் மக்கர் பண்ணினதுலேர்ந்து, ஒரு மாசமா நான் எங்கப்பா வெளியில போறேன்? மதியத்துல என் வண்டியைப் பேத்திதான் ஓட்டிட்டுப் போறா," என்ற ஓபல், ஒரு பருப்பை வாயில் போட்டு மென்றபடி தொடர்ந்தார்.

"அந்த ஒரு மாசமா தினமும் மதியம் ஒரு மணிக்கு, இதே ராய்ஸ், இதே கத்தின்னு ஒரு வார்த்தை மாறாம கத்திட்டிருந்தான், இன்னிக்குத்தான் ஏனோ சாயங்காலத்துக்குத் தள்ளிப்போட்டுட்டான்!"