பூட்டிய அலுமாரி

"ஒருத்தன்ர சாவுக்குக் காரணமான ஆளையோ கூட்டிக்கொண்டு வந்து எங்களுக்குப் பாதுகாப்புப் படிப்பிக்கப் போறீங்கள்?"

கிளிநொச்சி மண்டபத்தில் பிரதாபன் எழுந்து நின்று கேட்டார்.

மேடையில் இருந்தவர் ராஜினி, மாகாண வேலைத்தலப் பாதுகாப்புப் பணிப்பாளர். அரிசி ஆலை, செங்கல் சூளை, ஐஸ் தொழிற்சாலை என்று ஆபத்தோடு வேலை நடக்கிற இடங்களுக்கெல்லாம் புதிய கொள்கை ஒன்றை வகுத்திருந்தார். அதை முதலாளிமாருக்கும் தொழிலாளர் சங்கங்களுக்கும் விளங்கப்படுத்தத்தான் அன்றைய கூட்டம்.

கொள்கையில் யாருக்கும் பெரிய மறுப்பு இல்லை. ஊர் ஊராகப் போய் அதை எடுத்துச் சொல்ல அவர் தெரிந்தெடுத்த ஆள்தான் பிரச்சினை.

அந்த ஆள் ஸ்ரனிஸ்லஸ். முல்லைத்தீவுக் கரையில் ஐஸ் தொழிற்சாலை வைத்திருந்தவர். சில வருசங்களுக்கு முன் அங்கே அமோனியா வாயு கசிந்து கொலின்ஸ் என்ற தொழிலாளி இறந்துபோனான். ஸ்ரனிஸ்லஸ் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறைத்தண்டனை பெற்று மறியலில் இருந்துவிட்டு வந்தவர். தொழிற்சாலையைப் பிறகு அவர் திறக்கவேயில்லை.

பிரதாபன் வவுனியாவில் தொழிலாளர் சங்கத் தலைவர். நியாயத்துக்காக யாரோடும் மோதுகிற மனிதர். ஸ்ரனிஸ்லஸ் உங்களுக்குச் சொந்தமா, இல்லை மேலிடத்தில் யாரும் சொன்னார்களா என்று ராஜினியை நேராகவே கேட்டார். பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ராஜினியின் முகம் சிவந்தது. ஆனால் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

"முடிவு எடுத்தது நான். பேசிறதெண்டா என்னைப் பேசுங்கோ. முதல்ல அவர் சொல்லிறதைக் கேளுங்கோ."

ஸ்ரனிஸ்லஸ் எழுந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எதையும் பார்த்து வாசிக்கவில்லை.

தொழிற்சாலைக்கு, நச்சுவாயு தாக்காமல் போடுகிற நல்ல முகமூடி ஒன்று வாங்கி வைத்திருந்ததாகச் சொன்னார். வெளியில் கிடந்தால் பழுதாகும், யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று அதைத் தன்னுடைய அறை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன்னோடு வைத்திருந்தாராம். வாயு கசிந்த அன்று அவர் வவுனியாவில் ஒரு கலியாண வீட்டில். கொலின்ஸ் எல்லோரையும் வெளியே துரத்திவிட்டு, வாயுவை நிறுத்தும் வால்வைப் பூட்டப் போக முகமூடி தேடி அலுமாரியடிக்கு ஓடியிருக்கிறான்.

"நான் வந்து பாக்கேக்க அலுமாரியின்ர கைபிடி வளைஞ்சு கிடந்தது. அவன் இழுத்து இழுத்துப் பாத்திருக்கிறான். திறப்பு என்ர பொக்கற்றில. அந்த நேரம் நான் பந்தியில இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தனான்."

பிறகு ஈரச் சாரத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு கொலின்ஸ் உள்ளே போனான். வால்வைப் பூட்டினான். பக்கத்து வீடுகளில் இருந்த அத்தனை சனமும் தப்பியது. அவன் மட்டும் வெளியே வரவில்லை.



முன்வரிசையில் இருந்த யோகநாதன் மெல்ல எழுந்து வெளியே போனார். புளியங்குளத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர். நெல்லுக் களவு போகிறது என்று ஆலையின் பின்கதவை எப்போதும் பூட்டியே வைத்திருப்பவர். பரிசோதகர்கள் எத்தனையோ முறை சொல்லியும் கேளாதவர். யன்னலுக்கு வெளியே அவர் தொலைபேசியில் கதைப்பது உள்ளே தெளிவாகக் கேட்டது.

"பின்கதவுப் பூட்டை எடு. திறப்பு என்னட்டத்தான் இருக்கு, நான் வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்காதை. உடை."

அவரைத் தொடர்ந்து இன்னொரு முதலாளியும் தொலைபேசியோடு எழுந்தார். பிறகு இன்னொருவர். சட்டமும் தண்டமும் அசைக்காத மனிதர்கள் ஒவ்வொருவராக வாசலை நோக்கிப் போவதை ராஜினி பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரதாபனின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் அவர் விடவில்லை.

"மனசு கரையுதுதான். ஆனா கொலின்ஸைக் கட்டின மனிசி இந்த மேடையைப் பாத்தா அவாவுக்கு எப்பிடி இருக்கும்? அதை ஒருத்தராவது யோசிச்சனீங்களோ?"

ராஜினி தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை ஒன்றைத் தவிர வேறு எதுவுமில்லை.

"நான்தான் அந்த மனிசி. கலிஸ்ரா."

அத்தனை பேரும் திரும்பினார்கள். ஸ்ரனிஸ்லஸ் மேடையை விட்டுக் கீழே இறங்கி நின்றார். பிரதாபன் ஓடிப்போய் ஒலிவாங்கியைக் கலிஸ்ராவிடம் கொடுத்து, பயப்படாமல் மனதில் இருப்பதைச் சொல்லுங்கோ என்றார். இனி இந்த நியமனம் நிலைக்காது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கலிஸ்ரா ஸ்ரனிஸ்லஸைக் கைகாட்டினார்.

"எனக்கு இவரில இருக்கிற கோபம் இன்னும் போகேல்லை, தம்பி. போகுமோ எண்டும் தெரியாது. ஆனா இந்தக் கதையை நான் வந்து சொன்னா, பாவம் எண்டு கேட்டுட்டு எல்லாரும் வீட்டை போவினம். இவர் சொன்னாத்தான் முதலாளிமார் தங்கட பொக்கற்றைத் தடவிப் பாப்பினம்."

பிறகு கலிஸ்ரா ராஜினியின் பக்கம் திரும்பினார்.

"மேடம் முதல்ல மாட்டன் எண்டவா. இவரும் என்ர காலில விழுந்து, ஏலாதெண்டு அழுதவர். எங்கட சொந்தக்காரர் என்னை ஏசுவினம் எண்டுதான் என்ர பேரை வெளியில விடவேண்டாம் எண்டு மேடத்தைக் கேட்டனான். அவா எனக்காக இவ்வளவு பேச்சும் வாங்கினது போதும். இவரை இந்த வேலைக்குப் போடச் சொல்லி விடாமல் கேட்டது நான்தான்."