கழற்றிய பிறகும் எழுபத்திரண்டு

தலைநகரின் துவாரகா பகுதியில் ஜனவரிப் பனி காலை பதினொரு மணிக்கும் விலகவில்லை. ஆபீஸ் ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாதங்கியின் மேசையில் நாடித்துடிப்பைக் காட்டும் திரை ஒன்று இருக்கிறது. அந்தத் திரைக்கும் சென்சாருக்கும் நடுவே நின்று பேசும் டிரைவர் நிரலை எழுதியவள் அவள்தான். எதிரே நர்ஸ் லூசி, விரலில் சென்சாரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் எழுபத்திரண்டு. மாதங்கி கேபிளை உருவுகிறாள். எழுபத்திரண்டு அப்படியே நிற்கிறது. சென்சார் போய்விட்டது என்று திரைக்குச் சொல்ல வேண்டிய வரியை அவள் எழுதாமல் விட்டிருக்கிறாள். "இப்படித்தான் மேடம் அன்னைக்கும்," என்கிறாள் லூசி. "பேஷண்ட் இறந்துட்டாருன்னு டாக்டர் பார்த்துச் சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒயரெல்லாம் கழட்டியாச்சு. பேஷண்டோட சம்சாரம் திரையில நின்ன நம்பரைக் காட்டி, ஜிந்தா ஹை, உயிரோட இருக்காருன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் ஸ்விட்சை அணைச்சேன். நான்தான் அவரைக் கொன்னுட்டேன்னு இன்னிக்கும் நினைச்சிட்டிருக்காங்க."

மாதங்கி கீபோர்டை இழுத்துக்கொள்கிறாள். அரை மணி நேரம் தட்டுகிறாள். விடுபட்ட வரியைச் சேர்த்து, கேபிளைச் செருகி, மறுபடி உருவுகிறாள். எண் மறைந்து இரண்டு கோடுகள் வருகின்றன. கோடுகளுக்குப் பின்னால் இன்னும் எழுபத்திரண்டு தெரிவதுபோல் அவள் கண்ணை மூடித் திறக்கிறாள். "அந்தம்மா வீடு எங்க சிஸ்டர்?" "முனிர்கா. எதுக்கு மேடம்?" மாதங்கி நாற்காலியில் கிடந்த ஷாலை எடுத்துப் போர்த்திக்கொள்கிறாள். "தப்பு என்னோடதுன்னு அவங்ககிட்ட சொல்லணும்."