வெற்றி மாணவி

"உங்க கணக்கத் திறந்து காட்டுங்க சார்."

கேட்டுவிட்டாள்.

வளைய விளக்கின் நடுவில் சாரின் செல்போன் நின்றுகொண்டிருந்தது. நேரலை. மூலையில் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை, இருநூற்றுப் பதினான்கு.

ஏஐ வகுப்பின் முதல் நாளே சார் பலகையில் எழுதிப் போட்டிருந்தார். குரு எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று கேட்கக் கூடாது. கேட்டால் நெகட்டிவ் எனர்ஜி. பன்னிரண்டு பெண்களும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவள் அடிக்கோடு வேறு போட்டாள்.

இன்றைக்கு அவள் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. 'ஏஐ கத்துக்கிட்டேன், வீட்ல இருந்தே மாசம் நாப்பதாயிரம் சம்பாதிக்கேன்.'

அதைச் சொன்னால் நாளை முதல் அவள் இந்த மையத்தின் பயிற்சியாளர். மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளம். கழுத்தில் மாட்டுகிற அட்டைகூட அடித்து வந்து மேசைமேல் கிடந்தது.

அம்மா தீப்பெட்டி ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். கோவில்பட்டியில் அதை ஆலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். இருபத்திரண்டு வருடமாக அந்த ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள், மகள் நாற்காலி போட்ட ஆபீஸுக்குப் போவதைச் சொல்லாமல் இருப்பாளா.

சார் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா ஜோக்கடிக்குது."

பாப்பா.

பி.காம். முதல் வகுப்பு. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது.

"ஜோக் இல்ல சார். இதுல நீங்க சம்பாதிச்ச ஒரு ரூவாயக் காட்டுங்க. எங்க ஃபீஸ் இல்லாம."

விளக்குக்குப் பின்னால் முத்துக்கனி நின்றாள். அதே வகுப்புக்காரி. வருகிற கமெண்டுகளை வாசித்துச் சொல்வது அவள் வேலை. அவள் வாய் திறந்தபடி இருந்தது.

சார் சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கையால் பொத்தினார்.

"நாளைக்கு வேலையில சேரணும். ஞாபகம் இருக்கா இல்லயா?"

இருந்தது. அந்த ஞாபகத்தோடுதான் கேட்டாள்.

தன் செல்போனை எடுத்து கேமராவுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

நான்கு மாத வருமானம். ஆயிரத்து முந்நூற்று ஐம்பது.

எல்லாம் பொடி அரைத்து விற்கிற சாத்தூர் செல்வராணி அக்கா கொடுத்தது. பொடி பாக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடிக்க நாலு வரி எழுதித் தருகிற வேலை. ஏஐயிடம் கேள், வருவதை அப்படியே அனுப்பு, காசு வரும் என்பது சாரின் பாடம். அப்படியேதான் அனுப்பினாள். 'சூடான பாலில் கலந்து அருந்தவும்' என்று அதில் இருந்தது.

செல்வராணி அக்கா போன் போட்டாள். "ஏம்மா, இட்லிப் பொடியப் பால்ல கலக்கிக் குடிச்சா ஆஸ்பத்திரிக்கு நீ தூக்கிட்டுப் போவியா?"

காது சுட்டது. உட்கார்ந்து அத்தனையையும் அழித்தாள். நல்லெண்ணெய் விட்டுக் குழைப்பதை எழுதினாள். நடுவில் குழி பறித்து எண்ணெய் ஊற்றுவதை எழுதினாள். அந்த நாலு வரிக்குத்தான் அக்கா காசு கொடுத்தாள். அடுத்த பொடிக்கும் கூப்பிட்டாள்.

"இம்புட்டுத்தாங்க," என்றாள் கேமராவிடம். "மிஷின் எழுதுனதுக்கு ஒரு பைசா வரல. நான் திருத்துனதுக்கு வந்துச்சு. திருத்தணும்னு இந்த கிளாஸ்ல யாரும் சொல்லித் தரல. சேரப் போறவங்க யோசிச்சுக்கோங்க."



முத்துக்கனி, எப்போதும் வாசிக்கிற அதே ராகத்தில், வாசித்தாள்.

"பன்னீர்னு ஒருத்தர் கேக்காரு சார். 'காட்டுங்க சார்'னு."

சார் திரும்பி முறைத்தார்.

"இன்னும் ஆறு பேர் கேக்காங்க சார்."

அவர் செல்போனைப் பிடுங்கிய வேகத்தில் ஸ்டாண்ட் சாய்ந்தது. நேரலை நின்றது. விளக்கு மட்டும் தரையில் கிடந்து எரிந்தது.

"வெளிய போ. ஃபீஸ் ஒரு ரூவா திரும்ப வராது."

அவள் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்தாள். அதில் இருந்ததும் கீழே ஃப்ளெக்ஸில் இருக்கிற அதே படம்தான். கவிழ்த்து வைத்தாள்.

படியில் இறங்கினாள்.

கீழே வாசல் ஓரம் பத்தடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். 'எங்கள் வெற்றி மாணவி. மாத வருமானம் ரூ. 40,000.' அவள் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே அடித்துக் கட்டிவிட்டார்கள். அதில் இருந்த அவள் படத்தை ஏஐயில் போட்டு மெருகேற்றியதாக சார் பெருமையாகச் சொன்னார். அவள் நிறத்தை வெளுக்க வைத்திருந்தது. மோவாயில் இருந்த மச்சத்தை எடுத்திருந்தது. அம்மாவிடமிருந்து வந்த அகல மூக்கைக் கிள்ளி ஒடுக்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு அம்மா இந்த வழியாகத்தான் வந்தாள்.  அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மூக்கு தெரியும்.

காலையில் கிளம்பும்போது அம்மாவிடம் பிளேடு கேட்டாள். ஆபீஸில் தீப்பெட்டி லேபிள் கட்டுப் பிரிக்கிற பிளேடு.

எதுக்கு என்று அம்மா கேட்கவில்லை. ஒரு பக்கம் துணி சுற்றி, கையை அறுக்காதபடி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

கடைசிப் படியில் நின்று கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். பிளேடை எடுத்து, ஃப்ளெக்ஸைக் கைக்கு எட்டிய இடத்திலிருந்து கீழ்வரை கிழித்தாள்.

வெளியே நல்ல வெயில். நடந்தாள்.