தேவரீர்

பழவேற்காட்டு ஏரியில் காற்று வலுக்கிறது. குடிசைக்குள் சிம்னி விளக்கின் சுடர் சாய்ந்து நிமிர்கிறது. நாலு மாதமாக வெள்ளிதோறும் வந்து வேதம் சொல்லித்தரும் சாராள், இன்றுதான் பச்சையம்மாவை முதன்முதலாக வாய்விட்டு ஜெபிக்கச் சொல்லியிருக்கிறாள். கடவுளைத் ‘தேவரீர்’ என்று அழைக்கவேண்டும் என்பது பாடம். இருவரும் முட்டியோடு முட்டி இடிக்க மண்டியிட்டிருக்கிறார்கள். “தேவரீ... தேவரீ...” மீன் செதில் ஒட்டிய விரல்களைக் கோத்துக்கொள்கிறாள் பச்சையம்மா. “அது வாய்ல வர்ல நைனா. காத்து பேஜாரா கீது. எங்க ஊட்டுக்காரரு இன்னும் கரைக்கு வர்ல. நீதான் பாத்துக்கணும்.” பெற்ற தகப்பனிடம் பேசுகிற குரல். திருத்துவதற்காகக் கண்ணைத் திறந்த சாராள், மூடிய அந்த இமைகளில் கசியும் நீரைப் பார்த்துவிட்டுத் தன் கண்களையும் மூடிக்கொள்கிறாள். இனி அவள் முறை. பாட்டன் காலத்துத் ‘தேவரீர்’ நாக்கு நுனியில் நிற்கிறது. தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். “நைனா...” பச்சையம்மா ஒற்றைக் கண்ணை மெல்லத் திறந்து அவளைப் பார்க்கிறாள்.