கடுகளவு கடல்பாலம்

மிஸஸ் கார்பட்டிடம் திட்டு வாங்காமல் அந்தத் தையல் கூட்டத்தில் யாரும் ஒரு பிஸ்கட்கூடத் தின்றதில்லை.

"இது தையலா, கோழி கிளறின குப்பையா?" என்பார், மூக்காலேயே. போன வாரம் சேர்ந்த பிரையனிக்கு அந்தக் குரலைக் கேட்டாலே விரலில் ஊசி ஏறும்.

இன்று அவர் தன் பொக்கிஷத்தைக் கொண்டுவந்திருந்தார். எலும்பில் செதுக்கிய ஊசிக்கூடு. மடக்கிய குடை மாதிரி, சுண்டுவிரல் நீளம். குடையின் பிடியில் கடுகளவு துளை. அதற்குள்தான் புயல் கொண்டுபோன பழைய கடல்பாலத்தின் படம் இருக்கிறதாம். பாலத்தில் நடந்து வருவது தன் அம்மாதான் என்று அடித்துச் சொல்வார். அம்மாவுக்கென்று அவரிடம் வேறு படம் கிடையாது.

கூடு கைமாறியது. வாயாடி மாரீன் பார்த்தார். தேவாலயத்தில் பேசுகிற குரலில், அலை நுரைகூடத் தெரிகிறது என்றார்.

மிஸஸ் கார்பட் டீ போட உள்ளே போனார். கூடு பிரையனியிடம் வந்தது. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். ஒரே இருட்டு. அழுக்கு அடைத்திருக்கும் என்று ஊசியால் ஒரு குத்து.

மணல் போல ஒரு கண்ணாடித் துணுக்கு தெறித்து, தரைப்பலகை இடுக்கில் போயே போய்விட்டது.

"அடக் கண்ணு," மாரீன் கிசுகிசுத்தார். "அந்தக் கண்ணாடியிலதான் படமே இருக்கு. இமையில உரச வச்சுப் பாக்கணும்."

டீத்தட்டோடு வந்துவிட்டார் மிஸஸ் கார்பட். "புதுப் பொண்ணு பாத்தாச்சா? குடு, நானும் ஒருதரம் பாத்துக்கறேன்."

பிரையனி கூட்டை நீட்டினாள்.

அவர் கூட்டைக் கண்ணில் வைத்தார். வெறும் துளை வழியே வெளிச்சம் பொட்டுப் போல அவர் கண்ணில் விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். கூடு மெல்லத் திரும்பியது. பிரையனிக்கு நேராக வந்து நின்றது.

"தெ... தெரியுதா?" மாரீன்தான் கேட்டார்.

"தெரியாம என்ன? முன்னைக்கு இப்ப இன்னும் தெளிவா இருக்கு." கண்ணை எடுக்காமலே சொன்னார். "இன்னைக்குப் பாலத்துல ஒரு சின்னப் பொண்ணு நிக்கறா. முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. முதல்ல அவளுக்கு ஒரு டீ குடுங்க."