நிற்காத பூஜ்யம்

சோடாபுட்டி அன்றைக்கும் தம்பியின் மேசையையே சுற்றிச் சுற்றி வந்தான். கண்ணாடி அவ்வளவு தடிமன் என்பதால் அந்தப் பெயர். தம்பியின் இடத்தின்மேல் அவனுக்கு ஒரு கண் என்பது சர்வீஸ் கூடம் முழுக்கத் தெரியும்.

“என்னடா, தாடி காடு மாதிரி வளந்து கிடக்கு? எவளாவது விட்டுட்டுப் போயிட்டாளா?”

“ஆமா. உன்னை மாதிரி ஒரு ஃப்ரெண்டு இருக்கான்னு தெரிஞ்சதும் ஓடிட்டா.”

கூடம் சிரித்தது. பக்கத்து மேசையில் ஈயம் உருக்கி ஒயர்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்த அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி கைபட்டால் திரும்பிப் பார்க்கவேண்டாம் என்று பெயர். இப்போது அவன் மல்டிமீட்டர் வைத்துச் சரிபார்த்து அனுப்பிய கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

காலையிலேயே மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். “கோளாறு மீட்டர்லயா, ஆள்கிட்டயான்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். மீட்டர்னா மீட்டரை மாத்தறேன். ஆள்னா ஆளை மாத்தறேன்.”

அவள் எழுந்து வந்தாள். “நகருடா, நான் பாக்கறேன்.”

மல்டிமீட்டரின் இரண்டு ஒயர் முனைகளையும் ஒட்டவைத்தால் திரையில் பூஜ்யம் நிற்கவேண்டும். நிற்கவில்லை. கொதிக்கிற பானையின் மூடிபோல எண் துள்ளியது. முனைகளைத் துடைத்தாள், சொருகும் துளைகளைச் சுத்தம் செய்தாள். கையே படாமல் கிளிப்பால் கவ்வவிட்டும் பார்த்தாள். துள்ளல் அடங்குவதாக இல்லை.

“விடுக்கா, மீட்டருக்கு வயசாயிடுச்சு. அப்படியே சொல்லிடலாம்.”

“சும்மா இருடா. வயசாயிடுச்சுன்னா அவர் நம்பிடுவாரா?”

கறுப்பு ஒயரை அடிப்பக்கத்தில் வளைத்தாள். எண் எகிறியது. உற்றுப் பார்த்தால், மேலுறையில் பசை வைத்து ஒட்டிய மெல்லிய கீறல். பிரித்தாள். உள்ளே செம்பு இழைகள் பிளேடால் நறுக்கென்று வெட்டப்பட்டிருந்தன. ஓரிரு இழைகள்தான் ஒட்டிக்கொண்டிருந்தன.

தன் மேசையிலிருந்த ஒயரைக் கொண்டுவந்து மாட்டினாள். பூஜ்யம் ஆணி அடித்தாற்போல் நின்றது.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “பாத்தியாடா! இது தானா அறுந்ததில்ல, எவனோ அறுத்திருக்கான். அந்தச் சோடாபுட்டி வேலைதான். மேனேஜர் முன்னாடி நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன் பாரு.”

தம்பி அவள் வழியை மறித்தான். முகம் வெளுத்திருந்தது. “அவன் இல்லக்கா. பாவம், அவனை இழுக்காத.”

“பின்ன யாரு?”

“நான்தான். நேத்து.”

 மாடிப்படியில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது.

“உனக்கென்ன பைத்தியமா? நல்லா இருக்கிற மீட்டரை எதுக்குடா கெடுத்தே? இந்தா, முனையைப் பிடி. அவர் வரும்போது நீயே பூஜ்யத்தைக் காட்டு.”

அவன் கைகளைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டான்.

“மீட்டர் நின்னுட்டா, என் கை நடுங்கறது தெரிஞ்சுடும்க்கா.”