கேஷியரம்மாவுக்குப் பரிசு

வங்கியின் ஆண்டு விழா. சிறந்த ஊழியர் பரிசுக்காக மேடைக்குப் பக்கத்தில் காத்திருந்த கேஷியரம்மாவிடம் பணியாளர் நல அதிகாரி குனிந்து கேட்டார்.

"போன வருஷம் கவுன்டர்லயே தூங்கி வழிஞ்சீங்க. இப்ப வர்றவங்க எல்லாம் உங்களையே புகழறாங்க. என்னம்மா மாயம் பண்ணீங்க?"

"எல்லாம் நீங்க போட்ட டிரான்ஸ்ஃபர்தான் சார். நீங்க நல்லா இருக்கணும்!"

அதிகாரியின் முகம் சுருங்கியது.

"குத்திக் காட்டாதீங்கம்மா. தூங்கினதுக்குத் தண்டனையாத்தான் அவ்வளவு தூரம் தூக்கிப் போட்டேன். அப்புறம் மனசு கேக்கல. அதான் இன்னைக்குப் பரிசா, உங்க பக்கத்துத் தெருக் கிளைக்கே திரும்ப மாத்தறேன்."

கேஷியரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, வேணாம் சார்! அங்க இருந்தப்போ மதியம் மாமியாருக்கு மாத்திரை குடுக்க வீட்டுக்கு ஓடுவேன். சாவி எங்கன்னு நாத்தனார் கவுன்டருக்கே வந்து நிப்பாங்க. இப்ப போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். பஸ் ஜன்னல்ல தலையைச் சாய்ச்சேன்னா, கண்டக்டர் எழுப்பற வரைக்கும் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க சார். நிம்மதியாத் தூங்கறேன். அதனாலதான் வேலையில முழிச்சிருக்கேன்!"

அதற்குள் இருவரையும் மேடைக்கு அழைத்துவிட்டார்கள். அதிகாரி மைக்கைப் பிடித்துத் தொண்டையைக் கனைத்தார்.

"சிறந்த ஊழியருக்கு நம்ம வங்கி தர்ற பரிசு... ஒரு வருஷத்துக்கு பஸ் பாஸ்!"

'பூ, இவ்வளவுதானா!' என்று கூட்டம் உச்சுக் கொட்டியது.

கேஷியரம்மா மட்டும் கண் கலங்கக் கைகூப்பினார்.